பூசட்டோ, ரீச்சர்?

எங்கள் வளவுக் கிணற்றுக்கட்டு முருகைக்கல்லில் கட்டியது. அப்பாவின் தகப்பன் காலத்து வேலை. சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்து ஓரிடத்தில் சுண்டுவிரல் நுனி போகிற அளவுக்கு வெடிப்பு விழுந்திருந்தது. நயினை அம்மன் திருவிழாவுக்குப் பாரிசிலிருந்து தம்பி குடும்பம் வருகிறது என்று கிணற்றடியைத் திருத்தி எடுக்க மேசன் பிடித்தேன். அவர் சாந்தகப்பையும் கையுமாகக் குந்தியிருந்து வெடிப்பைப் பார்த்தார்.

“உள்ளுக்கு ஏதோ பூச்சி போய்வருகுது. பூசட்டோ, ரீச்சர்?”

“பூசுங்கோ தம்பி.”

பூசினார். பொழுதுபட முன்னம் வேலை முடிந்தது. அடுத்த நாள் காலை, வடிவாகச் செய்திருக்கிறார் என்று தம்பிக்குக் காட்டப் போனில் ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். “பூச்சு நல்லாயிருக்கு அக்கா. அதிலை கறுப்புப் புள்ளி புள்ளியாக் கிடக்கிறது என்ன?” என்று கேட்டான். கண்ணாடி போடாமல் பார்த்துவிட்டு “தூசியாக்கும்” என்று எழுதினேன். அந்தத் தூசி மூன்று நாள் ஈரச் சீமெந்துக்கு முன்னால் மிதந்துகொண்டு நின்றது. நாலாம் நாள் இல்லை.

நான் எடுத்த முதலாவது தேனீப் படம் அதுதான். அது எனக்குத் தெரியவர ஒரு வருடம் பிடித்தது. என்னிடம் படித்து இப்போது விலங்கியல் படிப்பிக்கிற பிள்ளை ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். வேறு எதையோ காட்டப் போனைக் கொடுத்தபோது அந்தப் படத்தில் நின்றுவிட்டாள். இரண்டு விரலால் பெருப்பித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ரீச்சர், இது கொசுத்தேனீ எல்லோ.”

கொசு என்றால் எங்களுக்குப் பழத்தில் மொய்க்கிற கொசு, தமிழ்நாட்டாருக்கு நுளம்பு. இந்தப் பெயர் அவர்கள் வைத்தது. நுளம்பளவே இருக்கும், கொட்டத் தெரியாத தேனீ. சுவர் வெடிப்பிலும் மரப்பொந்திலும் குடியிருக்கும். வாசலில் மெழுகும் மரப்பாலும் குழைத்துப் பென்சில் தடிப்பில் ஒரு குழாய் வைக்கும்; அந்தக் குழாய் வாயில் எந்த நேரமும் காவலுக்கு ஆள் நிற்கும். மற்றத் தேனீக் கூட்டம் இடம் பிடிக்காவிட்டால் ராணியோடு எழும்பிப் பறந்துவிடும். இதன் ராணி முட்டையிடத் தொடங்கி வயிறு பருத்துவிட்டால் பிறகு பறக்கவே மாட்டாது. ஒரு கூடு ஒரே வெடிப்பில் பல வருடம் இருக்கும் என்கிறார்கள். எங்கள் வெடிப்பில் எத்தனை வருடமாக இருந்ததோ. அப்பா அந்தக் கிணற்றில் குளித்த காலத்திலேயே இருந்திருக்கலாம். உள்ளே ராணியும் குஞ்சும் தேனும். வெளியே பூவுக்குப் போய்த் திரும்பி வந்தவை. இடையில் நான் காசு கொடுத்துப் பூசுவித்த ஒரு அங்குலச் சீமெந்து.

இதை என் ஒருத்தியின் பிழையாக எழுதிவிட்டு மனதை ஆற்றிக்கொள்ளலாம். ஆனால் வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் புங்குடுதீவிலும் நயினாதீவிலும் வெளிநாட்டுக் காசு வந்த பிறகு எத்தனை பழஞ்சுவர் பூசப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். அந்த மேசன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாவது பூசினார். மற்ற இடங்களில் கேட்டிருக்கவும் மாட்டார்கள். ஆகையால் இனி ‘நாங்கள்’ என்றே எழுதுகிறேன். தீவகத்தில் இருக்கிறவர்கள், தீவகத்தை விட்டுப்போய் அங்கிருந்து காசு அனுப்புகிறவர்கள், இரண்டு பகுதியும் இந்த ‘நாங்க’ளுக்குள் அடக்கம்.

முதலில் பெயர்க் கணக்கைப் பார்ப்போம். சோளகம், வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்கு நாங்கள் பெயர் வைத்திருக்கிறோம். மீனுக்கு வைத்த பெயரை எழுதினால் கட்டுரை முடிந்துவிடும். பனையில் மட்டும் பாளை, பன்னாடை, காவோலை, வடலி, கங்குமட்டை என்று எத்தனை சொல். பறக்கிற சின்ன உயிருக்கு வந்ததும் எங்கள் வாய் அடைத்துவிட்டது: ‘பூச்சி’. பெரிதாக இருந்தால் ‘வண்டு’. கடித்தால் ‘குளவி’. நிறமாக இருந்தால் ‘வண்ணாத்திப்பூச்சி’. இலங்கையில் ஏறத்தாழ 150 வகைத் தேனீக்களும் 250க்குக் கிட்டிய வண்ணத்துப்பூச்சி வகைகளும் பதிவாகியிருக்கின்றன. நாங்கள் நாலு சொல்லோடு காலத்தை ஓட்டிவிட்டோம்.

வண்ணாத்திப்பூச்சி என்பதைப் பள்ளிக்கூடப் புத்தகம் வண்ணத்துப்பூச்சி என்று திருத்தியது. இரண்டு எழுத்தை மாற்றியதோடு அந்தச் சொல்லுக்குள் கிடந்த சாதியும் போய்விட்டது என்று எண்ணிக்கொண்டோம். எங்கள் உடுப்பை வெளுத்துத் தந்த பெண்ணை நாங்கள் எந்த வாசலில் நிறுத்தி, எப்படிக் கூப்பிட்டோம் என்பது வேறு ஒரு சுயவிமர்சனம். அதற்கு இந்தப் பக்கங்கள் காணாது.

இலக்கியத்தில் குறை வைத்தோமா? இல்லவே இல்லை. திருவிழா மேடைகளில் தருமியையும் நக்கீரரையும் எத்தனை தரம் ஏற்றியிருப்போம். அந்தக் கதைக்கெல்லாம் வேரான குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு, பூப்பூவாகத் தேன் தேடித் திரிகிற ஒரு தும்பியைக் கூப்பிட்டுக் கேட்கிற கேள்வி. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா இல்லையா என்று விடியவிடிய வழக்காடினோம். அந்தத் தும்பி எது என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் தும்பி என்றால் தமிழ்நாட்டார் தட்டான் என்பது. சின்ன வயதில் வாலில் நூல் கட்டிக் கல்லுத் தூக்கவிட்டோமே, அது. அது வேறு பூச்சிகளைப் பிடித்துத் தின்கிற பிராணி, தேனுக்குப் போகாது. பாட்டில் வருவது தேனீயினத்தில் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும். முருங்கைப்பூவில் காலை முழுக்க இரைந்துகொண்டு திரிகிற கருவண்டோ, துளசிக்கு வருகிற நீலப்பட்டைத் தேனீயோ என்று யோசித்துப் பார்த்திருக்கலாம். சாட்சி வேலியிலேயே இருந்தது. நாங்கள் மேடையில் இருந்தோம்.

சொல் ஆக்கத் தெரியாத சமூகமும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய மாணவர்களும் உடற்கூற்றையும் சத்திரவைத்தியத்தையும் தமிழில் எழுதினார்கள்; எலும்புக்கும் நரம்புக்கும் தமிழ்ப் பெயர் தேடினார்கள். அதே நூற்றாண்டின் கடைசியில், 1880க்கும் 1887க்கும் இடையில், பிரெடெரிக் மூர் இலங்கை வண்ணத்துப்பூச்சிகளையும் விட்டில்களையும் பற்றி மூன்று பெரும் தொகுதி வெளியிட்டார். அதற்குப் படம் வரைந்தவர்கள் வில்லியம், ஜோர்ஜ் த அல்விஸ் என்ற சிங்களச் சகோதரர்கள். 1940களில் இன்னொரு பெரிய நூலை எழுதிய வூட்ஹவுஸ் நில அளவைத் திணைக்களத்தின் தலைவராக இருந்தவர். இந்தச் செய்தியை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. நில அளவையாளர் இல்லாமல் எங்களுக்கு ஒரு நாள் போகுமா? வேலி ஒரு முழம் உள்ளே வந்துவிட்டது, கதியால் எங்கள் பக்கம் சரிந்துவிட்டது என்று தகப்பன் தொடங்கிய வழக்கைப் பேரன் முடிக்கிற ஊர் இது. அந்த மனிதர் நிலம் அளக்கிற உத்தியோகத்தில் இருந்துகொண்டு வண்ணத்துப்பூச்சி பார்த்தார். நாங்கள் வேலியை அங்குலம் அங்குலமாக அளந்தோம். அதில் குடியிருந்தவர்களை அழைத்து விசாரிக்கவில்லை.

அந்த வேலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியால். இடையில் ஆடாதோடை, ஆமணக்கு. வேலியோரம் எருக்கலை. கிணற்றடியில் தேசி, கறிவேப்பிலை, வாழை. கோடிப்புறத்தில் முருங்கை. இதில் ஒன்றைக்கூட வண்ணத்துப்பூச்சிக்கென்று நட்டதில்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம் இருந்தது. வண்ணத்துப்பூச்சி பூவைப் பார்த்துத்தான் வரும் என்று நினைப்போம். பிள்ளை பெற வருவது இலையைப் பார்த்து. எருக்கலை இலையில் முட்டையிடுவது செம்மஞ்சள் செட்டைக்குக் கறுப்புக்கரை போட்ட ஒன்று. வெந்தய வரியன் என்று தமிழ்நாட்டுப் பூச்சி ஆர்வலர்கள் அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் புழு எருக்கலைப் பாலின் நஞ்சைத் தின்று தன் உடம்பில் சேர்த்து வைக்கும். குருவி ஒருமுறை கொத்தினால் மறுமுறை கிட்டப் போகாது. ஆமணக்குக்கு வேறொன்று. கொன்றைக்கும் தகரைக்கும் வெளிர்மஞ்சள் கூட்டம். ஆடுதின்னாப்பாளை என்று ஆடே ஒதுக்குகிற கொடியில், சிவந்த உடம்பும் கறுத்த செட்டையுமாக ஒரு பெரிய அழகி. தேசிக்கும் கறிவேப்பிலைக்கும் எலுமிச்சை அழகியும் கறிவேப்பிலை அழகியும்.

தேசிக்கன்றில் அந்தப் புழுவை நீங்களும் கண்டிருப்பீர்கள். சின்னனில் காக்கை எச்சம் மாதிரி இருக்கும். வளர்ந்தால் இலைப்பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னால் செம்மஞ்சளாய் இரட்டைக் கொம்பு நீட்டும். ஒரு நாற்றம் அடிக்கும். அதை என்ன செய்தோம்? செருப்பால் தேய்த்தோம். ‘மயிர்க்கொட்டி’ என்றோம், அதில் ஒரு மயிரும் இல்லாவிட்டாலும். தேசிக்கன்று பத்து இலை போனால் இருபது இலை விடும். அதற்குப் பொறுமை இல்லை. பிறகு அதே வளவில் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, பறந்துபோன ஒற்றை வண்ணத்துப்பூச்சியைக் காட்டி, “பார் குஞ்சு, பார்!” என்றோம்.

நான் முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள். முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறைவுடலி என்று வட்டம் கீறி அம்புக்குறி போட்டு எத்தனை வகுப்புக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன். செவ்வரத்தம்பூவைப் பிளேட்டால் நெடுக்குவெட்டாக வெட்டி மேசையில் வைத்து மகரந்தச் சேர்க்கை படிப்பித்தேன். பள்ளிக்கூட மதிலுக்கு அப்பால் எருக்கலைப் பற்றை நின்றது. ஒருநாளும் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போகவில்லை. வெயில், பாம்பு கிடக்கும், அதிபர் என்ன சொல்வாரோ என்று காரணம் நிறைய. உண்மைக் காரணம், அங்கே பிள்ளைகள் கைநீட்டிக் கேட்டிருந்தால் எனக்குப் பெயர் தெரியாது. பெயர் தெரியாது என்று சொல்ல எங்கள் வாத்திமாருக்கு வாய் வராது.

கருவண்டு விஷயத்தில் நாங்கள் செய்தது இன்னும் மோசம். அது காய்ந்த மரத்தில் வட்டமாகத் துளைபோட்டு உள்ளே அறை அறையாகப் பிரித்து, ஒவ்வொரு அறையிலும் மகரந்த உருண்டை வைத்து ஒரு முட்டை இடும். எங்கள் பனங்கைமரத்திலும் தட்டிப்பந்தல் மூங்கிலிலும் துளைபோட்டால் விடுவோமா? துளைக்குள் மண்ணெண்ணெய் ஊற்றிச் சீலையால் அடைத்தோம். அதே ஆட்கள் அடுத்த வாரம் சந்தையில் நின்று, “முருங்கை பூத்துக் கொட்டுது, காய் பிடிக்குதில்லை” என்று அழுதோம். முருங்கைப்பூவைக் காயாக்குகிறவர்களில் முதலாள் அந்தக் கருவண்டு. கத்தரியின் சங்கதி இன்னும் விசேஷம். கத்தரிப்பூவின் மகரந்தம் மற்றப் பூவைப்போல வெளியே கொட்டிக் கிடக்காது. நுனியில் ஒரு சின்னத் துவாரம் மட்டும் வைத்த குழாய்க்குள் இருக்கும். உப்புச்சிமிழைக் குலுக்குகிற மாதிரிக் குலுக்கினால்தான் நன்றாகக் கொட்டும். பெட்டியில் வளர்க்கிற தேனீக்கு அந்தக் குலுக்கல் தெரியாது. கருவண்டும் நீலப்பட்டைத் தேனீயும் பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, செட்டையை அசைக்காமல், உடம்பால் ‘ர்ர்ர்’ என்று அதிரும். பூவில் நிற்கும்போது அதன் இரைச்சல் சுருதி மாறும். காது கொடுத்தால் பத்தடிக்கு அப்பால் கேட்கும். வீணைக்கும் நாதஸ்வரத்துக்கும் காது பழக்கிய ஊர். இதைக் கேட்டதில்லை.

மருந்தடிப்பும் விடியக்காலையில்தான். வெயில் ஏறமுன்னம் அடித்துவிட வேண்டுமாம். பூசணிப்பூ விரிகிற நேரமும் அதுதான், தேனீ வருகிற நேரமும் அதுதான். நாங்கள் வெயிலைப் பார்த்தோம், காற்றைப் பார்த்தோம், கூலியாளின் வசதியைப் பார்த்தோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மழை முடிந்து தேள்கொடுக்குச் செடி புதராக வளர்ந்திருந்தது. பிடுங்கி அடிவளவு மூலையில் குவித்தோம். இரண்டு நாளில் வாடிய குவியலில் நீலமும் கறுப்புமாய், செம்மஞ்சளாய், வண்ணத்துப்பூச்சிகள் அப்பிக் கிடந்தன. செத்த செடியில் பூவும் இல்லை தேனும் இல்லை, என்னத்துக்கு வருகுது என்று நின்று பார்த்தோம். பார்த்துவிட்டு, பொழுதுபட நெருப்பு வைத்தோம். குப்பைக்கு நெருப்பு வைக்கிற நாள் அது. வந்தவை ஆண்கள். வாடிய தேள்கொடுக்கில் இருக்கிற ஒரு சத்தை உறிஞ்சினால்தான் பெண்ணைக் கவருகிற வாசனை அவற்றுக்கு ஊறும் என்று பிறகுதான் வாசித்தேன். மாப்பிள்ளைகள் சென்ற் போட வந்த இடத்தைக் கொளுத்தியிருக்கிறோம்.

இதற்கெல்லாம் ஒரு பெரிய சமாதானம் எங்களிடம் உண்டு: போர். 1990 ஆவணியிலும் அடுத்த வருடமும் தீவகத்தை இராணுவம் பிடித்தபோது பெட்டியும் பிள்ளையுமாக யாழ்ப்பாணப் பக்கம் ஓடினோம். அங்கிருந்து வன்னி, கொழும்பு, கனடா, சுவிஸ். உயிரைக் காப்பதா பூச்சியைப் பார்ப்பதா என்று கேட்டால் யாரும் வாய் திறக்க முடியாது. நானும் கன நாள் அந்தச் சமாதானத்தில்தான் இருந்தேன்.

அதைக் கலைத்தது ஜேர்மனிச் செய்தி ஒன்று. அங்கே கிறேபெல்ட் என்ற நகரத்தில் பூச்சி பார்க்கிறவர்களின் சங்கம் ஒன்று 1905 இலிருந்து இருக்கிறது. பெரும்பாலும் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஆர்வத்துக்குப் பூச்சி பார்க்கிறவர்கள். அவர்கள் காப்புநிலங்களில், மொத்தம் 63 இடங்களில், வலைக்கூடாரம் கட்டி, விழுந்த பூச்சிகளை நிறுத்துத் திகதியோடு எழுதி வைத்தார்கள். அந்தக் குறிப்புகளை வைத்து 2017 இல் ஓர் ஆய்வு வந்தது: 27 வருடத்தில் பறக்கிற பூச்சிகளின் நிறை முக்கால் பங்குக்கு மேல் குறைந்துபோயிற்று. உலகமெல்லாம் அதைப் பற்றிப் பேசியது. கிறேபெல்ட் இருக்கிற அதே மாநிலத்தில்தான் ஹம் காமாட்சி அம்பாள் கோயிலும் இருக்கிறது. 2002 இல் குடமுழுக்குக் கண்ட கோயில், தேருக்கு எங்கள் சனம் ஆயிரக்கணக்கில் கூடும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அந்த மாநிலத்தில் வேலை செய்து அனுப்பின காசில்தான் இங்கே சில மதில்கள் எழும்பின.

அந்த 27 வருடம் எது என்று பார்த்தேன். 1989 இலிருந்து 2016 வரை. சொல்லிவைத்தாற்போல நாங்கள் ஓடி, அலைந்து, திரும்பிவந்த வருடங்கள். அப்படியென்றால் சமாதானம் பலப்பட்டதுதானே என்று முதலில் தோன்றியது. பிறகு யோசித்தால், ஓடின இடத்திலும் நாங்கள் எழுதாமல் இருந்ததில்லை. நிவாரண அட்டை எழுதினோம். ஊர்ச்சங்கம் கூட்டி அறிக்கை எழுதினோம். கோயில் உபயக்காரர் பெயரைக் கல்லில் வெட்டினோம். கல்யாணவீட்டில் யார் எவ்வளவு கொடுத்தார் என்ற கொப்பி இடம்பெயர்வில் தொலையாமல் இன்றும் இருக்கிற வீடுகளை எனக்குத் தெரியும். 1981 இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தில் 97,000 நூல் இருந்தது என்று எங்கள் பிள்ளைகள் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த 1981 இல் வேலணையில் எத்தனை வகை வண்ணத்துப்பூச்சி பறந்தது? போருக்கு முன்னம் எங்களுக்கு எத்தனையோ அமைதியான வருடம் கிடைத்தது. ஒரு அப்பியாசக் கொப்பியில் ஒரு பக்கம் எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. அதனால் இன்று எது குறைந்தது, எது அழிந்தது, எது புதிதாக வந்தது என்று எங்களால் சொல்ல முடியாது. “முந்தி நிறைய வரும்” என்பதுதான் எங்கள் பதிவேடு.

நாங்கள் இல்லாத வருடங்களில் அவை நன்றாக இருந்திருக்கவும் கூடும். அதை நினைக்கத்தான் சுருக்கென்கிறது. திரும்பி வந்தபோது வீட்டுக்குள் ஆலங்கன்று, கிணற்றுக்குள் பற்றை, முற்றத்தில் தகரையும் ஆமணக்கும் ஆளுயரம். “ஐயோ, காடு பத்திப் போச்சு” என்று தலையில் கைவைத்தோம். அந்தக் காட்டுக்குள் என்ன பறந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. கூரை போனது, கதவுநிலை போனது என்றுதான் சொன்னோம். பிறகு மெசின் பிடித்து ஒரே நாளில் வழித்தோம். கதியால் வேலி போய்ச் சீமெந்துக் கல் மதில் வந்தது. முற்றத்து மண் போய்ச் சிவப்புக் கல் பதித்த தளம் வந்தது. அந்தத் தளத்தில் பிளாஸ்டிக் பூச்சாடி வைத்தோம், பூவும் பிளாஸ்டிக்தான். வெறும் மண்ணில் துளைபோட்டுக் குடியிருக்கிற தேனீக்கள் எத்தனையோ உண்டு; நீலப்பட்டைத் தேனீயும் அந்தச் சாதிதான். அவற்றுக்குக் கல்லுப் பதித்த முற்றம் பூட்டின வீடு. நாங்கள் வருடத்தில் மூன்று கிழமை வந்து தங்குகிற வீட்டுக்காக, வருடம் முழுவதும் இருந்தவர்களை எழுப்பிவிட்டோம்.

கொசுத்தேனீச் சங்கதிக்குப் பிறகு நான் படம் பிடிக்கத் தொடங்கினேன். போன்தான்; அதில் கவ்விவைக்கிற ஒரு சின்ன லென்ஸ். முதல் ஆறு மாதப் படங்களில் பூ தெளிவாக இருக்கும், பூச்சி இருந்த இடத்தில் ஒரு கோடு இருக்கும். சோளகம் பெயரும் காலத்தில் தீவகத்தில் நின்று பூவைப் படமெடுக்கிறவருக்குப் பொறுமைக்குப் பரிசு கொடுக்கலாம்; வைகாசியிலிருந்து புரட்டாதி வரை ஒரு செடியும் நிலையாக நில்லாது. வாடைமழை ஓய்ந்த தை, மாசிதான் வேளை. விடிய ஏழு மணிக்குப் போகவேண்டும். வெயில் காயச் செட்டையை விரித்துக்கொண்டு இருக்கும். நிழல் விழாமல் எதிர்ப்பக்கமாக நெருங்கவேண்டும். செட்டையின் மேற்புறம் வடிவுக்கு, கீழ்ப்புறம் அடையாளத்துக்கு, இரண்டும் வேண்டும். இதெல்லாம் பிழைவிட்டுப் பிழைவிட்டுப் பழகினது.

விட்ட பிழையில் ஒன்றை மறைக்கக்கூடாது. ஆடாமல் இருக்கவேண்டும் என்பதற்காக ஒரு வெந்தய வரியனைப் பிடித்து ஐஸ்கிறீம் பெட்டியில் போட்டுப் பிரிட்ஜில் வைத்தேன். யாரோ சொல்லித்தந்த தந்திரம். படம் நன்றாக வந்தது. எல்லோரும் ‘சூப்பர்’ போட்டார்கள். செட்டைத் தூள் என் விரலில் இரண்டு நாள் மினுங்கியது. அலட்சியம் போய் ஆசை வந்தாலும் எங்கள் கை மாறவில்லை. படம் போடுகிற மற்ற நண்பர்களையும் பார்க்கிறேன், நிறமானதைத்தான் எடுக்கிறோம். மண்நிறத்தில், விரல் நகத்தளவில், புல்லோடு புல்லாகப் பறக்கிறதை யாரும் எடுப்பதில்லை. ரோசா இலையில் கத்தரிக்கோலால் வெட்டினாற்போல வட்டம் வட்டமாக எடுத்துக்கொண்டு போகிற இலைவெட்டித் தேனீக்கு இன்றும் மருந்தடிக்கிறோம்.

போன மாசியில் நெடுந்தீவுக்குப் போனோம், பழைய ஆசிரியர்கள் ஏழெட்டுப் பேர். குறிகட்டுவானில் படகேறி, இறங்கி, வழக்கமான சுற்று: பெருக்கமரம், ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, குதிரை. 2015 இல் அங்கே தேசியப் பூங்கா அறிவித்தார்கள். எங்களுக்கு அது குதிரைப் பூங்கா. எல்லோருடைய போனும் குதிரையைப் பார்த்து நீட்டினபடி. முருகைக்கல் வேலியோரம் இயங்கு முட்பற்றைமேல் ஏதோ தாழத் தாழப் பறந்தது. ரின்மீனைத் திறந்தால் உள்ளே தெரிகிற நிறம், ஓரத்தில் கறுப்பு. மூன்று தரம் எடுத்து மூன்றும் தெளிவில்லை. வீட்டுக்கு வந்து, வான் டெர் பூர்ட்டன் தம்பதி 2016 இல் வெளியிட்ட பெரிய புத்தகத்தை அந்த விலங்கியல் பிள்ளையிடம் கேட்டு வாங்கிப் பார்த்தோம். உகாயிலும் இயங்கிலும் மட்டும் பிள்ளை வளர்க்கிற இனமாக இருக்கவேண்டும் என்றாள். நாட்டின் வறண்ட கரையோரங்களில்தான் அதைக் காணலாம். கண்டிக்காரரும் கொழும்புக்காரரும் அதைப் பார்க்கவென்று வடக்குக்கு வருவார்களாம். இயங்கம் பற்றையை நாங்கள் ஆட்டுப்பட்டி அடைக்க வெட்டுவோம். அதற்கு மேலே எங்களுக்கு அதைப் பற்றித் தெரியாது. என் கொப்பியில் எழுதி வைத்தேன்: நெடுந்தீவு, கல்வேலியோரம், காலை 10.20, படம் தெளிவில்லை.

கொப்பி இப்போது முக்கால்வாசி நிரம்பிவிட்டது. நிறைய இடத்தில் ‘பெயர் தெரியாது’ என்றுதான் இருக்கிறது. அதை எழுதப் பழகவே எனக்கு அறுபத்தைந்து வயதாயிற்று.

கடைசியாக ஒன்று. நீலப்பட்டைத் தேனீயில் ஆண்கள் கூட்டுக்குத் திரும்புவதில்லை. பொழுதுபடக் காய்ந்த தண்டு ஒன்றைத் தேடிப்பிடித்து, வாயால் கவ்விக்கொண்டு, காலைத் தூக்கிவிட்டு அப்படியே நித்திரை. ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே தண்டில் வரிசையாகத் தூங்கும். அடுத்த நாளும் அதே தண்டுக்கு வரும். இந்த வருடம் வைகாசிக் கடைசியில் எங்கள் கிணற்றடியில், பூசின கட்டுக்குப் பக்கத்தில், பட்டுப்போன துளசித் தண்டில் கண்டேன். ரோச் அடித்து எண்ணினேன்: ஏழு. காற்றுக்குத் தண்டு ஆடுகிறது, ஏழும் சேர்ந்து ஆடுகின்றன, ஒன்றும் விடவில்லை. அன்று எடுத்த படம்தான் என் போனில் இருக்கிறதிலேயே நல்ல படம். அடுத்த நாள் ஒன்பது. அதற்கடுத்த நாள் எட்டு.

ஆனியில் திருவிழாவுக்குத் தம்பி குடும்பம் மறுபடி வருகிறது என்று வளவு கூட்டித் துப்புரவாக்கப் பெடியன் ஒருவனைக் கூப்பிட்டேன். படலையைத் திறந்துவிட்டு, குசினியில் அவனுக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தேன். நல்ல பெடியன், சொன்ன வேலைக்கு மேலே செய்கிறவன். வெளியே வந்து பார்த்தபோது கிணற்றடி பளிச்சென்று கிடந்தது. பட்ட துளசியெல்லாம் பிடுங்கி மூலையில் குவித்திருந்தான்.

அவனிடம் சொல்ல மறந்துபோனேன்.

கொப்பியில் அன்றைக்கு: வேலணை, கிணற்றடி, மாலை 6.40, மூன்று வந்து சுற்றிச் சுற்றிப் பறந்தன. இருக்கவில்லை.